ஐயாயிரம் ரூபாய் வெப்சைட்டின் இரண்டாம் ஆண்டு

"5,000 ரூபாய்க்கு வெப்சைட். டொமைன், ஹோஸ்டிங் இலவசம்." வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஆட்டோவின் முதுகிலும் ஜெராக்ஸ் கடை வாசலிலும் இந்த வரியைப் பார்க்கலாம். டொமைன் என்பது தளத்தின் இணைய முகவரிப் பெயர்; ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம். தொழில் தெரிந்தவர்கள் இந்த விளம்பரத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டால் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு முதியோர் இல்லத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ ஊர்க்கோயில் திருப்பணிக் குழுவுக்கோ ஐந்து பக்கம் போதும்: யார் நாங்கள், என்ன செய்கிறோம், படங்கள், நன்கொடை, முகவரி. ஏற்கெனவே இருக்கும் தீம் (ஆயத்த வடிவமைப்பு) ஒன்றை எடுத்து, எழுத்தை ஒட்டி, படத்தை மாற்றினால் இரண்டு நாள் வேலை. அந்தக் கூலிக்கு 5,000 கொள்ளையும் இல்லை, தர்மமும் இல்லை. அப்படியானால் இந்த விளம்பரம் ஏன் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்று யோசித்ததில், சிக்கல் விலையில் இல்லை, அந்த "இலவசம்" என்ற சொல்லில் இருக்கிறது என்று பட்டது.

இலவசம் என்றால் நடப்பது இதுதான். செய்து தரும் தம்பி தன்னுடைய கணக்கில், தன் மெயில் முகவரியும் செல்பேசி எண்ணும் கொடுத்து உங்கள் டொமைன் பெயரைப் பதிவார். முதல் ஆண்டுச் சலுகையில் அது சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அவர் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது தளங்கள் அடுக்கியிருக்கும்; உங்களுடையதும் அங்கே ஒரு ஃபோல்டர். சங்கத்தின் கையில் இருப்பது 5,000 ரூபாய்க்கு ஒரு வவுச்சர். டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, ஆண்டு வாடகைக்குத்தான் எடுக்கிறோம். வாடகைச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் செல்லும். டாட் இன் முகவரிகளின் பதிவேட்டை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு வைத்திருக்கிறது, டாட் ஆர்க் முகவரிகளுடையதைப் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி வைத்திருக்கிறது. லெட்டர் பேடில் அச்சடித்திருக்கிறீர்கள், பெயர்ப் பலகையில் எழுதியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது.

366ஆம் நாள்

சிறு அமைப்புகளின் தளங்கள் ஹேக் ஆகிச் சாவதைவிட, சர்வர் விழுந்து சாவதைவிட, ஒரு மெயில் தவறான பெட்டிக்குப் போய்ச் சேர்ந்து சாவதுதான் அதிகம். டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றுக்கு டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி ஒன்று உண்டு. கெடு முடிய ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் இருக்கும்போது இன்னொன்று, முடிந்து ஐந்து நாளுக்குள் மூன்றாவது. மூன்றும் ஒழுங்காகப் போகும். எங்கே? பதிவில் இருக்கும் முகவரிக்கு. அது அந்தத் தம்பியின் மெயில். அவர் இதற்குள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். அல்லது அது முன்னாள் செயலாளரின் மெயில். பதவியோடு சேர்த்து அதைத் திறந்து பார்க்கும் ஆர்வமும் போயிருக்கும்.

கெடு முடிந்த பிறகும் உடனே எதுவும் போய்விடாது. முதலில் தளம் இருந்த இடத்தில் விளம்பரப் பக்கம் வரும், மெயில்கள் நிற்கும். இந்தக் கட்டத்தில் பழைய கட்டணத்தையே கட்டி மீட்கலாம். இது அதிகபட்சம் 45 நாள். பதிவு நிறுவனம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம், பலரும் குறைக்கிறார்கள். அடுத்த 30 நாள் மீட்புக் காலம், அப்போது அபராதத்தோடு சேர்த்துப் பல ஆயிரம் கேட்பார்கள். அதற்கும் யாரும் வராவிட்டால் 5 நாள் யாரும் தொட முடியாத நிலை, பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும். எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 80 நாள். ஒரு சங்கத்தின் இரண்டு செயற்குழுக் கூட்டங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியே சில சமயம் இதைவிட அதிகம்.

சந்தைக்கு வந்த பெயருக்காகக் காத்திருப்பவை கணினி நிரல்கள். பத்து ஆண்டு ஓடிய, நாளிதழ்த் தளங்களிலிருந்தும் அரசுப் பட்டியல்களிலிருந்தும் இணைப்பு வந்துகொண்டிருக்கும் பெயருக்குத் தேடுபொறியில் மதிப்பு உண்டு. அதனால்தான் மூடிப்போன தொண்டு நிறுவனத்தின் முகவரியைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது. நன்கொடையாளர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார், அதைக்கூடச் சமாளித்துவிடலாம். உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்தவர் டிஎன்எஸ்ஸில், அதாவது அந்தப் பெயரைத் தேடி வருபவை எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், மெயிலுக்கான எம்எக்ஸ் என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும், அந்தப் பெயருக்கு வரும் எல்லா மெயில்களும் அவருக்குப் போகும். செயலாளர், பொருளாளர், அலுவலகம் என்று எந்த முகவரிக்கு வந்தாலும் சரி. இனி ஃபேஸ்புக் பக்கத்தில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் புதிய பாஸ்வேர்டுக்கான இணைப்பு அவர் பெட்டியில் விழும். யூடியூப் கணக்கு, பணம் வசூலிக்கும் தளத்தின் கணக்கு, ஆடிட்டர் அனுப்பும் அறிக்கை, வங்கியின் மாதக் கணக்கு என்று வரிசையாகப் போகும். தளத்தின் பூட்டு உடையவில்லை, பாஸ்வேர்டு கசியவில்லை. சில நூறு ரூபாய் வாடகை கட்டவில்லை, அவ்வளவுதான். 5,000 ரூபாய் வெப்சைட்டைப் பற்றிப் பேசும்போது வடிவமைப்பைவிட இந்த 80 நாளைப் பற்றி நான் அதிகம் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

பெயரை மட்டும் நீங்களே வாங்குங்கள்

தளத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் செய்யுங்கள். பெயரை மட்டும் அமைப்பே வாங்க வேண்டும். அதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு. அமைப்பின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு. தலைவரின் சொந்த ஜிமெயில் வேண்டாம், அவர் மகனுடையது நிச்சயமாக வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டால் கூகுள் 8 இலக்கத்தில் 10 அவசர எண்கள் தரும். அதை அச்செடுத்து மினிட் புத்தகத்தோடு பீரோவில் வையுங்கள். செல்பேசி தொலைந்த அன்று உதவுவது அந்தத் தாள்தான். டொமைன் பதிவில் இந்த ஜிமெயிலைத்தான் கொடுக்க வேண்டும். சிலர் பெருமைக்காக, வாங்கப்போகும் டொமைனிலேயே மெயில் முகவரி அமைத்து அதையே பதிவிலும் கொடுத்துவிடுவார்கள். சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை அது: டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், நின்றதைச் சொல்ல வரும் கடிதமும் வந்து சேராது. பதிந்ததும் வரும் உறுதிப்படுத்தல் மெயிலைச் சொடுக்க மறக்கக் கூடாது. டாட் காம், டாட் ஆர்க் வகைகளில் 15 நாளுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பெயரை நிறுத்திவைப்பார்கள். "வாங்கி இரண்டு வாரம்தான் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது" என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

அடுத்த முட்டுக்கட்டை பணம் கட்டுவது. சங்கத்தின் வங்கிக் கணக்கு பெரும்பாலும் இரண்டு கையெழுத்துக் கணக்கு. அதற்கு டெபிட் கார்டு கிடைப்பது அரிது. பொருளாளர் தன் கார்டில் கட்டி, வவுச்சர் போட்டு வாங்கிக்கொள்வார். "தானாகப் புதுப்பிக்க" என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் தொடர் கட்டணங்களுக்கு முன் அனுமதி கேட்கும் விதியைக் கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டுப் பதிவு நிறுவனங்களின் தானியங்கிக் கட்டணம் இந்தியக் கார்டுகளில் தோற்பது வாடிக்கை. அதோடு அந்த கார்டின் காலமும் முடியும், பொருளாளரும் மாறுவார். அதனால் ஒரே தடவையில் 5 ஆண்டுக்குக் கட்டிவிடுவது நல்லது. அதிகபட்சம் 10 ஆண்டு வரை கட்டலாம். டாட் இன் பெயருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 முதல் 900 ரூபாய், டாட் ஆர்க் அதைவிடச் சற்று அதிகம். வாங்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

ஹோஸ்டிங் என்னும் இரண்டாம் வாடகை

ஹோஸ்டிங் விளம்பரத்தில் மாதம் 149 ரூபாய் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலை 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். 7,152 ரூபாய் ஆயிற்று. 18% ஜிஎஸ்டி சேர்த்து 8,439. ஜிஎஸ்டி பதிவு இல்லாத அறக்கட்டளைக்கு அந்த வரி திரும்பி வராது, செலவுதான். நான்கு ஆண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது மாத விலை இரண்டு மூன்று மடங்காகியிருக்கும். இது ஏமாற்று இல்லை, வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். ஆனால் ஐந்து பக்கத் தளத்துக்கு இந்த வாடகையே தேவையா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

என் கருத்து: பாதிக்கு மேற்பட்ட சிறு அமைப்புகளுக்கு வேர்ட்பிரஸ் தேவையில்லை. அது தளம் நடத்த உதவும் நல்ல மென்பொருள். நாலைந்து பேர் வாரந்தோறும் எழுதுகிற இடத்துக்கு ஏற்றது. ஆண்டுக்கு இரண்டு முறை மாறும் தளத்துக்கு அது பூட்டி வைத்த வீட்டில் ஓடவிட்ட மோட்டார். தீமும் பிளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். ஹோஸ்டிங் நிறுவனம் ஒருநாள் வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியின் பழைய பதிப்பை நிறுத்தும். பழைய தீம் அதில் ஓடாமல் வெள்ளைத் திரை வரும். அல்லது பழைய பிளகினின் ஓட்டை வழியாக யாராவது நுழைவார்கள். அப்படி நுழைபவர்கள் முகப்பை மாற்றுவதெல்லாம் அந்தக் காலம். இப்போது நீங்கள் திறந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கூகுள் வந்து பார்க்கும்போது மட்டும் ஜப்பானிய எழுத்தில் ஆயிரக்கணக்கான போலிக் கடைப் பக்கங்களைக் காட்டும்படி செய்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை இலவசமாக இறக்கிப் போடும் வழக்கம் இங்கே நிறைய. திருட்டுத் தீம்களில் இந்தக் கதவு முன்பே திறந்து வைக்கப்பட்டிருப்பது சகஜம். 5,000 ரூபாய்க்குச் செய்தவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது, "தீம் எங்கே வாங்கினீங்க தம்பி?"

மாற்று என்ன? எழுதத் தெரிந்த, கணினி அதிகம் தெரியாத செயலாளர் இருக்கும் இடத்துக்கு நான் கூசாமல் கூகுளின் இலவசச் சேவையான பிளாகரைச் சொல்வேன். பழையது, அழகு குறைவு, யாரும் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் ஹோஸ்டிங் கட்டணம் இல்லை, சொந்த டொமைனை இணைக்கலாம், பாதுகாப்பான இணைப்புக்கான பூட்டுக் குறியும் இலவசம், புதுப்பிக்க எதுவும் இல்லை. ஓரளவு கணினி தெரிந்த இளைஞர் இருந்தால் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகச் செய்து இலவசமாக இடம் தரும் கிட்ஹப் பேஜஸிலோ கிளவுட்ஃபிளேர் பேஜஸிலோ வைக்கலாம். கிட்ஹப்பில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதம் 100 ஜிபி போக்குவரத்து என்பது மென்மையான வரம்பு, தாண்டிய உடனே நிறுத்திவிட மாட்டார்கள். ஒரு முதியோர் இல்லத்தின் தளம் இதில் நூறில் ஒரு பங்கைத் தொட்டால் ஆச்சரியம். உடைத்து நுழைய டேட்டாபேஸும் இல்லை, லாகின் பக்கமும் இல்லை. நாளைக்கு இந்த இலவசச் சேவை நின்றாலும் பெயர் உங்களிடம் இருக்கிறது. அதே கோப்புகளை வேறு இடத்தில் வைத்து டிஎன்எஸ்ஸை மாற்றினால் முடிந்தது.

டிஎன்எஸ்ஸை மாற்றும்போதுதான் அடுத்த விபத்து. நேம்சர்வரை (டிஎன்எஸ் வரிகளை வைத்திருக்கும் சர்வரை) புதிய இடத்துக்கு மாற்றினால் பழைய இடத்தில் இருந்த வரிகள் தாமாகக் கூடவரும் என்று நம்பக் கூடாது. தளத்துக்கான வரியைச் சேர்த்துவிட்டு எம்எக்ஸ்ஸை மறந்துவிடுவார்கள். தளம் அழகாகத் திறக்கும், மெயில் நின்றிருக்கும், ஒரு வாரம் யாருக்கும் தெரியாது. மாற்றுவதற்கு முன் பழைய வரிகள் அத்தனையையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் பற்றி ஒரு வார்த்தை. டொமைன் பெயரிலேயே மெயில் வேண்டுமென்றால் ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்காரர் சொன்னது ஒன்று, மெயில் நிறுவனம் சொன்னது ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது, மெயில் ஸ்பேமுக்குப் போகும். தளத்தில் இருக்கும் தொடர்புப் படிவம் இன்னொரு தொல்லை. படிவத்தை நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியிலிருந்தே அனுப்புவதுபோல் அது அனுப்பும். கூகுள் அதைப் போலிக் கடிதம் என்று ஒதுக்கும். படிவத்தையே எடுத்துவிட்டு ஒரு செல்பேசி எண்ணும் வாட்ஸ்அப் இணைப்பும் போட்டால் போதும். நம் ஊரில் யாரும் படிவம் நிரப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

பூட்டுக் குறிக்கு ஆண்டுக்கு 1,500 என்று பில் வந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் குறிக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே தருகிறது. அதன் சான்றிதழ் பல காலமாக 90 நாளுக்கு ஒன்று, தானாகப் புதுப்பிக்க வேண்டும். தானியங்கி எங்காவது அறுந்தால் நினைவூட்டும் மெயிலை 2025 ஜூனோடு அவர்கள் நிறுத்திவிட்டார்கள், அதை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும்.

தமிழில் செய்தால்

வேர்ட்பிரஸில் தலைப்பைத் தமிழில் எழுதினால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே அமையும். பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் உள்ளே ஒன்பது எழுத்துகளாக மாறும், முகவரிக்கு இருக்கும் இடம் 200 எழுத்து. ஆக 22 குறிகளோடு முகவரி வெட்டுப்படும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி என்பதால் மூன்று சொல்லுக்கு மேல் நிற்காது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் ரயில் வண்டி போலத் தெரியும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுத்துவிடுங்கள். ஹோஸ்டிங் மாற்றும்போது பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தால் டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துகளை மட்டும் ஏற்கும் வகையில் இறக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கேள்விக்குறியாக மாறியதை மீட்க முடியாது, பழைய பிரதியிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். கொம்பு வைத்த லத்தீன் 'ஏ'யும் (à) வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் (®) மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம், எழுத்து அப்படியே இருக்கிறது, தவறாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவே. பழைய சர்வரை மூடுவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

டிடிபி மையத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆண்டறிக்கையை அப்படியே ஒட்ட முடியாது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியபின் கண்ணால் படித்துப் பாருங்கள், முக்கியமாக "கௌரவத் தலைவர்" என்ற இடத்தை. 'கௌ' என்ற ஒரே எழுத்துக்குப் பதில் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை இலவசம். வரி இடைவெளியை 1.7 அளவுக்கு வையுங்கள். ஆங்கிலத் தீமில் "டொனேட்" என்று அளவெடுத்த பொத்தானில் "நன்கொடை அளிக்க" என்று போட்டால் பிதுங்கும். செல்பேசியில் திறந்து பார்க்காமல் யாருக்கும் மீதிப் பணம் தராதீர்கள்.

படங்கள். செல்பேசிப் படம் ஒன்று 4 எம்பி. முகப்பில் பன்னிரண்டு போட்டால் 48 எம்பி. கிராமத்தில் யாரும் அது திறக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். 1,600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து 200 கேபிக்குள் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வேர்ட்பிரஸில் பெரிய படம் ஒன்றை ஏற்றினால் பல அளவுகளில் மொத்தம் எட்டுக் கோப்பு வரை உருவாகும். ஆண்டு விழாவின் 500 படங்களை மொத்தமாக ஏற்றினால் 4,000 கோப்பு. "அன்லிமிடெட்" ஹோஸ்டிங்கில் இடத்துக்கு வரம்பில்லை என்பார்கள், கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். குழந்தைகள் இல்லம் நடத்துபவர்கள் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் போடவே கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நன்கொடையாளரை உருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் இதை மீறும் தளங்கள் ஏராளம்.

நன்கொடைப் பக்கத்தில் யுபிஐ கியூஆர் படம் மட்டும் போட்டால் பொருளாளருக்குத் தலைவலிதான். 500 ரூபாய் வந்திருக்கும், யார் என்று முழுதாகத் தெரியாது. பக்கத்திலேயே ஒரு கூகுள் ஃபார்ம் வையுங்கள்: பெயர், முகவரி, பான் எண், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்று தர இந்த விவரங்கள் இல்லாமல் முடியாது. இன்னொன்று, வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு "இந்தியக் குடிமக்கள் மட்டும்" என்று அந்தப் பக்கத்தில் கண்ணில் படும்படி எழுத வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய்க்காரர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட பழைய மாணவர் ஊருக்கு வந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். பழைய மாணவர் சங்கங்களுக்கு இது ஏட்டுச் சட்டம் இல்லை, ஆண்டுதோறும் நடப்பது.

ஏற்கெனவே பெயர் அவரிடம் இருந்தால்

இதையெல்லாம் படிப்பவர்களில் பலருடைய பெயர் இன்னும் அந்தத் தம்பியின் கணக்கில்தான் இருக்கும். சண்டை போட வேண்டியதில்லை. பதிவு நிறுவனத்தில் அமைப்பின் ஜிமெயிலை வைத்து ஒரு கணக்குத் திறந்து, அதே நிறுவனத்துக்குள் பெயரை அந்தக் கணக்குக்குத் தள்ளிவிடச் சொல்லலாம். பெரும்பாலும் சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அவர் பெயருக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைத் தர வேண்டும். டாட் காம், டாட் ஆர்க்கில் பதிவு செய்த முதல் 60 நாளுக்குள் மாற்ற முடியாது. கெடு முடிய ஒரு மாதம்கூட இல்லை என்றால் முதலில் பணத்தைக் கட்டிப் புதுப்பித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். மாற்றியபின் பதிவு விவரத்தில் அமைப்பின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், கெடு தேதியை மினிட் புத்தகத்தில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். பொறுப்பு மாறும்போது பீரோ சாவி, ரசீதுப் புத்தகம், காசோலைப் புத்தகம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கும் பட்டியலில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

கேட்கப் போகும்போது அவர் நேரத்துக்கு 1,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள். ஐம்பது பெயர்களின் கெடு தேதியைத் தலையில் சுமந்துகொண்டிருப்பவர் அவர். ஒன்று குறைந்தால் அவருக்கும் நிம்மதிதான்.